பிடிக்கிற காசா, பிடிக்காத காசா?

பவி,

இதைப் பிரிக்கும்போது நீ சாப்பிட்டிருக்க வேண்டும். இன்னும் சாப்பிடவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. கடிதம் ஆறிப்போகாது, சோறு ஆறிப்போகும்.

நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். என் கையெழுத்தை நீ பார்த்திருக்கிறாய், சீனியைத் தேடிப் போகிற எறும்பு வரிசை மாதிரி இருக்கும். அவள் உயர்தரம் படிக்கிறவள், புத்தகமும் கையுமாகத் திரிகிறவள். நான் "புடிச்சாங்க" என்று சொன்னால் "பிடித்தார்கள்" என்றுதான் எழுதுவேன் என்கிறாள். "கடிதம்னா கடிதம் மாதிரி இருக்கணும்மா" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். ஆனால் யார் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். போனில் பேசித்தானே இவ்வளவும் வந்தது! அதனால் இந்த முறை எழுத்தில் வருகிறேன். புது ஆபிஸில் முதல் மாதச் சம்பளம் வாங்கிவிட்டாய் என்று நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்கு உடம்பே லேசாக இருக்கிறது. இந்த நேரத்தில் சொன்னால்தான் சொல்ல வேண்டியதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியும்.

முதலில் அந்த டிசம்பர் மாதத்தை நான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன். நீ உன் பக்கத்தை மட்டும்தானே பார்த்தாய். அன்றைக்கு நான் ரத்தோட்டைக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு, என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். உன் சித்தி வீட்டில் எப்போதும் போல ஒரே பேச்சுத்தான், தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ். உனக்கு அது தெரியாது, நீ மாத்தளை டவுனில் வளர்ந்தவள். தோட்டத்தில் தீபாவளிக்கு முன்னால் மொத்தமாக ஒரு காசு கொடுப்பார்கள். கையில் வாங்கும்போது பெரிய சந்தோஷமாக இருக்கும். அடுத்த சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பிடித்துக்கொள்வார்கள். நான் கொழுந்து எடுக்கப் போன முதல் வருஷம் அது தெரியாமல், அந்தக் காசில் ஜரிகை போட்ட ஒரு பச்சைச் சேலை எடுத்தேன். தீபாவளி அன்றைக்கு லைன் வீடுகள் முழுக்க என்னைத்தான் பார்த்தது. மறு மாதம் சம்பளத்தைக் கையில் வாங்கியபோது நான் கணக்கப்பிள்ளையிடம் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். "சேலைய கட்டுனேல்ல? இனி மாசாமாசம் அவுக்கணும்" என்றார். கூட நின்ற பெண்களெல்லாம் கெக்கெக்கென்று சிரித்தார்கள். பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும்தான். அந்தச் சேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பசிக்கும். பண்டிகைக்கு யாராவது மொத்தமாகக் காசு கொடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு கை நீட்டிக்கொண்டு நிற்கும் என்பது அன்றைக்கே என் மண்டைக்குள் ஏறிவிட்டது.

அப்படிப்பட்ட நாளில்தான் நீ கூப்பிட்டாய். சித்தி வீட்டில் சிக்னல் கிடையாது. ரிவர்ஸ்டன் ரோட்டில் அந்த வளைவுக்கு வந்து நின்றால்தான் பேசலாம். அங்கே அடிக்கிற காற்று உனக்குத் தெரியும், முந்தானையைப் பிடிப்பதா போனைப் பிடிப்பதா என்று இருக்கும். நீ கத்துகிறாய், "அம்மா, இயர் எண்ட் போனஸ் வந்துருக்கு! மொத்தத்தையும் அப்பா எக்கவுண்டுக்குப் போட்டுட்டேன்!" அது நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு நீ சொன்னது என் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? "புடிச்சிக்குவாங்க" என்று விழுந்தது. "என்னா?" என்று கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். லைன் போய்விட்டது. நான் அந்த வளைவில் பனிமூட்டத்துக்குள் நின்றேன். பிள்ளை அட்வான்ஸ் எடுத்து அப்படியே நமக்கு அனுப்பிவிட்டாள், இனி மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். நான் ஜரிகைச் சேலைக்காரி அல்லவா, எனக்கு வேறு என்ன தோன்றும்?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் வேலை செய்கிற மிளகு ஸ்டோரில் முதலாளி தீபாவளிக்கு ஒரு கவர் கொடுப்பார், பிறகு அதைப்பற்றிப் பேச்சே இருக்காது. "எல்லா போனஸும் அட்வான்ஸ் இல்ல. அது தோட்டம், இது கொழும்பு. படிச்சவங்க ஆபிஸ்" என்றார். "நீங்க கேட்டீங்களா, நான் கேட்டேனா? புடிச்சிக்குவாங்கன்னு அவ வாயால சொல்றா. ரெண்டு தடவ" என்றேன். அவர் அந்தக் காசை எடுத்துச் சுவரில் ஈரம் ஏறுகிற பக்கத்தைப் பூசிவிடலாம் என்று ஆசையாக இருந்தார். ஒரு சதம் எடுக்கக்கூடாது, பிள்ளைக்குச் சம்பளம் குறைகிற மாதம் திருப்பி அனுப்பவேண்டும் என்று நான் சொன்னேன். யட்டவத்தைக்கு மிளகு எடுக்க லொறியில் போகும்போதெல்லாம் வங்கியைத் தாண்டித்தான் போவாராம், தலையைத் திருப்பிக்கொள்வாராம். அதை அவர் ஏப்ரல் வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு ஜனவரியில் நீ வழக்கமாக அனுப்புகிற காசு பாதிதான் வந்தது. பெப்ரவரியிலும் பாதி. எனக்கு வேறு சாட்சியே தேவையில்லாமல் போய்விட்டது. "பாத்தீங்களா, புடிக்கிறாங்க" என்றேன். அப்பாவும் தலையாட்டினார். ஆபிஸில் பிளான் வரைந்து கொடுத்த பெரிய ஹோட்டல் வேலைக்குக் காசு வரவில்லை, அதனால் எல்லோருக்கும் சம்பளத்தை இரண்டு துண்டாக, அதுவும் பிந்திப் பிந்திக் கொடுக்கிறார்கள் என்று நீயும் சொல்லவில்லை. வாடகை, பஸ், சாப்பாடு எல்லாவற்றையும் அந்த முதல் துண்டில் எப்படிச் சமாளித்தாய் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. உன்மேல்தான் கோபம்.

இந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் கதைக்கு வரவேண்டும். உன் தங்கச்சி பேனாவைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள், எழுதுடீ.

ஜனவரியில் ஒருநாள் அப்பா ஸ்டோரில் மூட்டை தூக்கிக் காலைப் பிசகிக்கொண்டார். ஐஸ் வைத்தால் வீக்கம் இறங்கும் என்று பக்கத்து வீட்டுப் பரீனா ராத்தாவிடம் போய் ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு நிற்கிறேன், நீ கூப்பிடுகிறாய். "என்னாம்மா வாங்குனீங்க போனஸ் காசுல?" என்று கேட்கிறாய். ஒன்றும் வாங்கவில்லை என்றால் உனக்கு மனசு விட்டுப்போகும். சம்பளத்தைப் பிடிக்கக் கொடுத்துக்கொண்டு, அதையும் வெளியே காட்டாமல் நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோமா என்று கேட்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். கையில் ஐஸ் இருந்தது, வாயில் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. "ஃப்ரிட்ஜ் வாங்கிட்டோம் புள்ள" என்றேன். நீ அந்தப் பக்கம் துள்ளினாய். "போட்டோ அனுப்புங்க!" என்றாய்.

ராத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றா. "பொய் செல்றதுக்கு எண்ட ஃப்ரிட்ஜா கெடச்சிச்சி ஒங்களுக்கு?" என்று இடுப்பில் கையை வைத்துக் கேட்டா. பிறகு அவவே ஈரத்துணியால் அதைத் துடைத்தா. பிறை நிலா மாதிரி ஒரு காந்தம் கதவில் ஒட்டியிருந்தது, அதைக் கழற்றினா. "உங்கட ஊட்டு ஃப்ரிட்ஜுன்னா உள்ளுக்குள்ள உங்கட சாமான் ஈக்கணுமே" என்று எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் போத்தலையும் கறிவேப்பிலையையும் வாங்கி உள்ளே வைத்தா. உன் தங்கச்சி முட்டி போட்டும் நாற்காலியில் ஏறியும் படம் எடுத்தாள். ஏதோ கல்யாண வீட்டுப் பெண்ணைப் படம் எடுக்கிற மாதிரி. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி அனுப்பினாள். கதவை, கைப்பிடியை, போத்தலை எல்லாம் பார்த்தோம். தரையை யாரும் பார்க்கவில்லை.

நீ தரையைத்தான் பார்த்திருக்கிறாய். வீடு வரைகிறவள் வேறு எதைப் பார்ப்பாய்! நான் சமைக்கிற குசினியில் தரை சிவப்புச் சீமெந்து, படத்தில் வெள்ளை டைல்ஸ். இது நம் வீடு இல்லை, ஃப்ரிட்ஜும் நம்முடையது இல்லை என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு ஏதோ பெரிய கடன் இருக்கிறது, போனஸ் எல்லாம் அதற்குப் போய்விட்டது, வெட்கப்பட்டு மறைக்கிறார்கள் என்று நீயாகவே ஒரு வீடு கட்டி அதில் குடியிருந்தாய். நான் இந்தப் பக்கம் ஒரு வீடு கட்டியிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் அத்திவாரம் இல்லை.

அதற்குள் உன் பக்கம் நடந்தது எங்களுக்குத் தெரியாது. நீ ஏப்ரலில் வீட்டுக்கு வந்தபோது சொன்னதைத்தான் இங்கே எழுதச் சொல்கிறேன், நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று நீயே பார்த்துக்கொள். கம்பஸ் படிப்பு முடித்து அந்த ஆபிஸில் சேர்ந்தபோது சம்பளம் சின்னது, பரவாயில்லை, பழகுகிற காலம் என்றாய். அடுத்த வருஷம் கூட்டிக் கேட்டாய். "டிசம்பரில் போனஸ் இருக்கிறதே" என்றார்கள். பிளான் கொடுக்கிற நாள் நெருங்கினால் ஆபிஸிலேயே விடியுமாம், அதற்குத் தனியாகக் காசு கிடையாதாம், அதற்கும் பதில் போனஸ்தானாம். யாருக்கு எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டமாம். வருஷம் முழுக்கச் செய்த வேலைக்கெல்லாம் கேள்வி கேட்டால் ஒரே பதில், டிசம்பர். அந்த டிசம்பரும் வந்தது. உன் முதலாளி சேர் எல்லோர் முன்னாலும் உன்னைப் பாராட்டினார். கவரைக் கையில் கொடுக்கும்போது கூடவே ஒரு கையெழுத்தும் வாங்கினார்கள். இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கவேண்டும், இடையில் போனால் போனஸ் முழுவதையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். நான் எங்கே போகப்போகிறேன் என்று நீயும் கையெழுத்துப் போட்டாய், காசை எங்களுக்கு அனுப்பினாய்.

பெப்ரவரியில் வேறு ஒரு ஆபிஸிலிருந்து ஒரு மேடம் உன்னைக் கூப்பிட்டார். உன் வேலையைப் பார்த்திருக்கிறார், அங்கே சம்பளமும் அதிகம். அப்போது உனக்கு வயிற்று எரிச்சல், சாப்பிட்டால் நிற்பதில்லை, தலைமுடி சீப்போடு வருகிறது. போக உனக்கு ஆசை. ஆனால் திருப்பிக் கொடுக்கக் காசு எங்கே? "வீட்டில கடனுக்குப் போயிருச்சி" என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். மேடம் சித்திரைப் புத்தாண்டு லீவு முடிகிற வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன், பிறகு வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். முடியாது என்று சொல்லும் முடிவோடுதான் நீ அந்த லீவுக்கு வீட்டுக்கு வந்தாய்.

நீ வந்த அந்த மத்தியானம் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. கம்பஸ் காலத்தில் நீ அட்டையில் செய்த வீட்டை மடியில் வைத்துக்கொண்டு, அது நசுங்கக்கூடாது என்று இரண்டு சீட்டுக்கு டிக்கெட் எடுத்து வருவாயே, அப்படி வந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. வெறுங்கையோடு வந்தாய், முகம் காய்ந்திருந்தது. பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, தண்ணி. சில்லுன்னு" என்றாய். நான் உன் தங்கச்சியைப் பார்த்தேன், அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா கூரையைப் பார்த்தார்.

உன் தங்கச்சி போத்தலை எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டுப் பக்கம் ஓடப் பார்த்தாள். நீ அவளைக் கையில் பிடித்து நிறுத்தினாய்.

"ஓடாத. எனக்குத் தெரியும். நம்ம குசினில டைல்ஸ் எப்ப போட்டீங்க?"

"அது வந்து..." என்றேன்.

"அம்மா, நான் கோவமா இல்ல. கடன் எவ்வளவு? யாருக்குக் குடுக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

"என்னா கடன்?" என்று அப்பா கேட்டார். "நமக்கு யாருடீ கடன் குடுப்பான்?"

"அப்ப போனஸ் காசு?"

"அப்படியே இருக்கு புள்ள" என்றேன். "தொடல. ஆபிஸ்ல புடிச்சிக்குவாங்கன்னு நீதானே சொன்ன."

"நானா? எப்ப?"

"ரிவர்ஸ்டன் ரோட்டுல நிக்கிறப்ப. ரெண்டு தடவ சொன்ன. சிரிச்சிக்கிட்டே சொன்ன."

நீ யோசித்தாய். உன் தங்கச்சி உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு கணக்கில் விடை கண்டுபிடித்தவள் மாதிரிக் கத்தினாள். "அக்கா! நீ என்னா சொன்ன? சரியா அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லு!"

"புடிச்சத வாங்கிக்குங்கன்னு சொன்னேன்."

"புடிச்சிக்குவாங்க!" என்று அவள் கையைத் தட்டினாள். "புடிச்சத வாங்கிக்குங்க, புடிச்சிக்குவாங்க! காத்துல நடுவுல உள்ளது பறந்து போயிருச்சி!"

நமக்குப் பிடித்ததை வாங்கச் சொல்லியிருக்கிறாய். உன்னிடம் பிடித்துக்கொள்வார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். பவி, உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சொல்தான் நின்றது, அதுவும் என்ன சொல் பார்! ஆசைக்கும் அதே சொல், சம்பளத்தில் கழிப்பதற்கும் அதே சொல். தோட்டத்தில் வளர்ந்தவள் காதில் எது முதலில் விழும்?

நீ அப்படியே சிவப்புச் சீமெந்தில் உட்கார்ந்து சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால் நீ அழுகிறாய். "மொத்தமாவா இருக்கு? மொத்தமும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். அப்பா வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து உன் கையில் வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காசு போகாமல் இருந்ததற்கு எந்தப் பிள்ளை அழும்? அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டது, மேடம் காத்திருப்பது, வயிற்று எரிச்சல் எல்லாம் வெளியே வந்தது. அப்பா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "அப்ப இதுவும் புடிக்கிற காசுதானே. உங்கம்மா சொன்னது சரியாத்தான் போச்சி." பிறகு நீ போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் மேடத்தோடு சிங்களத்தில் பேசினாய். நாங்கள் மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்றோம், மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் தலையும் தெரிந்தது. "எஹமய் மேடம், எஹமய்", ஆமாம் ஆமாம் என்று நீ தலையாட்டியதைப் பார்த்ததும் ராத்தாதான் முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றா. நான் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன். உனக்கு அன்றைக்கு வடையும் கட்டச் சம்பலும் செய்தேன். நீ சாப்பிட்டாய், அது வயிற்றில் நின்றது. அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

காசைத் திருப்பிக் கொடுத்தபோது உன் பழைய சேர் ஆச்சரியப்பட்டார் என்றாய். செலவழித்திருப்பாய் என்று நினைத்தாராம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், உனக்கு வேலை பழக்கியவர், அதை மறக்காதே. ஆனால் அவர் செலவழிந்திருக்கும் என்று நம்பித்தான் அந்தக் கையெழுத்தை வாங்கியிருக்கிறார். கொடுத்த காசு வீட்டில் அடுப்பாக, சுவராக, ஃப்ரிட்ஜாக மாறிவிட்டால் ஆள் எங்கே போகும் என்ற எண்ணம். எங்கள் தோட்டத்து அட்வான்ஸில்கூட ஒரு நேர்மை இருந்தது பவி. மாதாமாதம் பிடித்தார்கள், பிடித்து முடிந்ததும் விட்டார்கள். இது காசைப் பிடிக்கவில்லை, உன்னையே பிடித்து வைத்தது.

அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான். சம்பளம் என்பது உன் வேலைக்கு. போனஸ் என்பது அவர்களுடைய மனசுக்கு. மனசை நம்பி வாடகை கட்டாதே. வருஷம் முழுக்கக் குறைத்துக் கொடுத்துவிட்டு கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் அது பரிசு இல்லை, உன் காசைத்தான் பிந்திக் கொடுக்கிறார்கள். பாராட்டினால் சந்தோஷப்படு, ஆனால் பாராட்டை வாங்கிக்கொண்டு கேள்வியை விட்டுவிடாதே. கூட வேலை செய்கிறவர்களோடு சம்பளத்தைப் பேசினால் மரியாதை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கொழுந்து எடுக்கிற நாங்கள் நிறுவை மடுவக் கொட்டகையில் ஒருத்திக்கு எத்தனை கிலோ என்று எல்லோரும் எட்டிப் பார்ப்போம். அதனால்தான் எடை குறைத்துப் போட்டால் ஒருத்தி கத்தினாலும் பத்துப் பேர் கூடக் கத்துவார்கள். நீ ஏசி ரூமில் இருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேடத்திடம் நீ கேட்டதைச் சொன்னபோது அப்பா எழுந்து நின்று சிரித்தார். போனஸ் பற்றிப் பேச்சு வந்ததும் நீ பேசாமல் இருக்கவில்லையாம். "படியென் கபனவத?" என்று, அதாவது சம்பளத்தில் பிறகு வெட்டுவீர்களா என்று, நேராகவே கேட்டாயாம். மேடம் கொஞ்சம் விழித்துவிட்டு, ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றாராம். நீ ஃப்ரிட்ஜ் கதையை முழுவதும் சொன்னாயாம். அவர் சிரித்து முடித்துவிட்டு, இங்கே போனஸ் உண்டு என்று சத்தியம் பண்ணமாட்டேன், லாபம் வந்த வருஷம் எல்லோரையும் உட்காரவைத்துப் பங்கு சொல்வேன், வராத வருஷம் அதையும் சொல்வேன், சம்பளம் மட்டும் மாதம் தவறாது, பிந்தி இருந்து வேலை செய்தால் அதற்குத் தனியாக உண்டு என்றாராம். போனஸ் இல்லாத ஆபிஸுக்குப் போகிறாள் என்று சொல்லி ஒரு தாய் இவ்வளவு நிம்மதிப்பட்டதை இந்த மாத்தளையில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். சித்திக்குச் சொன்னேன், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போனஸ் இல்லயாம், அதுக்கு ஏன் அக்கா லட்டு குடுக்குறீங்க?" என்றாள்.

ஒன்று மட்டும் எனக்கும் உனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். நீ பாதிச் சம்பளத்தில் இருந்ததை மறைத்தாய், நான் ஃப்ரிட்ஜ் வாங்காததை மறைத்தேன். இரண்டு பேரும் அடுத்தவருக்கு வலிக்கக்கூடாது என்றுதான் செய்தோம். இந்த முறை தப்பித்துவிட்டோம். என் காது பிழையாகக் கேட்டதால் காசு மிஞ்சியது, நீ வெளியே வந்தாய். ஒவ்வொரு முறையும் காது இப்படி நல்ல பிழையாகக் கேட்கும் என்று சொல்லமுடியாது. வயிறு எரிந்தால் எரிகிறது என்று சொல். சம்பளம் வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல். நானும் சொல்கிறேன். இப்போதே ஒன்றைச் சொல்கிறேன், அந்தச் சுவரில் ஈரம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நீ அடுத்த முறை வரும்போது ஏன் ஏறுகிறது என்று பார்த்துச் சொல். அப்பா பூசுவார்.

நேற்று நீ சம்பளம் வந்ததைச் சொல்லிவிட்டு, பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க அடிக்க, ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டாய். எனக்கு "வாங்கிக்குங்க" என்று கேட்டது, அப்பாவுக்கு "வாங்குவாங்க" என்று கேட்டது. இரண்டு பேரும் சாப்பிடும் வரைக்கும் வாதாடினோம். அதனால் உன் தங்கச்சி ஒரு முடிவு சொல்லியிருக்கிறாள். இனி நீ காசு அனுப்பினால் கூடவே ஒரு வரி எழுதி அனுப்பவேண்டும், அதுவும் எழுத்துத் தமிழில். "பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் அது "பிடித்துக்கொள்வார்கள்" என்று யாருக்கும் விளங்காதாம். "இதுக்குத்தாம்மா எழுத்துத் தமிழ் வேணும்னு சொன்னேன்" என்று இப்போது தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருக்கட்டும், அவளுக்கும் ஒரு வெற்றி வேண்டும்.

ஃப்ரிட்ஜுக்கு அவசரப்படாதே. ராத்தா அந்தப் பிறைக் காந்தத்தைத் திரும்ப ஒட்டிவிட்டா, ஆனால் உள்ளே நடுத்தட்டைக் காலி பண்ணி, "இது உங்கட தட்டு, பொய்க்கு வாடகை" என்று சொல்லியிருக்கிறா. எங்கள் போத்தல் இன்னும் அங்கேதான் நிற்கிறது, குடிக்கக் குடிக்க நிரப்பி வைக்கிறேன். அடுத்த முறை வாசலில் பையை இறக்கிவிட்டு, சில்லென்று தண்ணீர் கேள். இந்த முறை நான் யார் முகத்தையும் பார்க்கமாட்டேன்.

அம்மா